கலர்ப் படம்

தாம்பரத்து ஸ்கேன் சென்டரில் அந்த டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கறுப்பு வெள்ளைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளித்தான் நோயைக் கண்டுபிடிப்பார். அதே படங்களை கிராபிக்ஸ் கார்டில் ஏற்றி, உள்ளுறுப்பைக் கலரில் முழு உருவமாகக் காட்டி, மவுஸை அசைத்த கணமே திரும்பும்படி ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தவன் நான். இரண்டு வருஷம் அதற்காகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன்.

"இதை நீங்க யூஸ் பண்றதே இல்லையா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பண்றேனே. பேஷண்ட்டோட வீட்டுக்காரங்களுக்குக் காட்டுவேன். என் வாயால சொல்ல முடியாததை அது சொல்லிடும்."

பொம்மை காட்டவா எழுதினேன் என்று எரிச்சலோடு வந்துவிட்டேன்.

மறு வருஷம் அப்பாவுக்கு அங்கேதான் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மானிட்டரை என் பக்கம் திருப்பி, கலர்ப் படத்தைப் போட்டார்.

நான் எழுதியபடியே, ஒரு கணம்கூடத் தயங்காமல், அப்பாவின் ஈரல் சுழன்றது.