கௌதாரிக்கு வைத்த பானை

எழுபதுகளின் நடுவில் குன்னத்தில் டீச்சராக இருந்தபோது ஒரு கௌதாரி வளர்த்தேன். ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் பிடித்த குஞ்சு. தனியாளாக இருந்தவளுக்கு அதுதான் பேச்சுத்துணை. மகாராணி தானியத்தைச் சீந்த மாட்டாள், கறையான்தான் வேண்டும்.

கோழிக்குஞ்சுக்குக் கறையான் பிடிப்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேலை. ஓட்டைப் பானையில் காய்ந்த சாணி, கந்தல் சாக்கு, சோளத்தட்டை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, ஈரமண்ணில் கவிழ்த்துவிட்டால் மறுநாள் காலையில் பானைக்குள் மொய்க்கும். ஆனால் வீட்டைவிட்டுத் தள்ளி, வரப்பில் வைக்க வேண்டும். “செவுத்துக்கிட்ட மட்டும் வச்சுடாதீங்க டீச்சர்” என்று நான் குடியிருந்த வீட்டுக்கார அக்காவே சொல்லியிருந்தார். தினமும் வரப்புக்கு நடக்க எனக்குச் சோம்பல். கொல்லையில் அவர் வீட்டு மண்சுவரை ஒட்டியே பானையைக் கவிழ்த்து, மேலே விறகைப் போட்டு மறைத்தேன். படித்தவள் புத்தி அவ்வளவுதான்.

கோடை மழை பெய்த சில வாரங்களில் அக்காவின் உள்ளறை மூலையில் மண் எழும்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் உயரத்துக்குப் புற்று. அக்கா அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பால் ஊற்றினார். “ஆத்தா நம்ம வூட்டுக்கே வந்துட்டா டீச்சர். வந்து கும்புட்டுக்கங்க.”

நானும் போய்க் கும்பிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அந்தப் புற்று எங்கிருந்து வந்தது என்று ஊரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

புற்றை ஒட்டினாற்போல ஒரு மரப்பெட்டி. அக்கா மகளின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், அந்தக் காலத்து மார்க் சர்ட்டிபிகேட், அதற்குள்தான் இருந்தது. டீச்சர் டிரெயினிங்குக்கு அவளைப் போடச் சொல்லி, விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததே நான்தான். “பெட்டியை நகர்த்தி வைக்கலாமே அக்கா” என்று ஒருநாள் மெல்லச் சொன்னேன்.

“ஆத்தா உக்காந்த எடத்துல ஒண்ணையும் அசைக்கப்படாதுங்க” என்றார்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ, ஊர் சிரிக்குமோ என்று பயம். சத்தமில்லாமல் பானையையாவது தூக்கி எறிந்திருக்கலாம். கௌதாரி பட்டினி கிடக்குமே என்று அதையும் செய்யவில்லை. என்ன ஜென்மமோ நான்.

இன்டர்வியூ கார்டு தாமதமாக வந்தது. நாளை மறுநாள் திருச்சியில் இருக்க வேண்டும், அசல் புத்தகத்தோடு. பெட்டியைத் திறந்தார்கள். புத்தகத்தின் அட்டை அப்படியே இருந்தது. புரட்டினால் உள்ளே வெறும் மண். நகல் வாங்க மாதக்கணக்காகும்.

அக்கா அழவில்லை. “இவ போறது ஆத்தாவுக்குப் புடிக்கல போலருக்கு” என்றார். பிறகு மகளிடம், “நாளையிலேருந்து எங்கூட வெங்காயக் காட்டுக்கு வந்துரு” என்றார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் கொல்லைக்குப் போனேன். அந்தப் பெண் அங்கே இருந்தாள். விறகை ஒதுக்கி, பானையைப் புரட்டிவிட்டு, அதனடியிலிருந்து சுவருக்குள் ஏறிப் போயிருந்த கறையான் மண்தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் என்னைத் திட்டவில்லை. பானைக்குள் இருந்ததை முறத்தில் தட்டினாள். பானையை முன்பு இருந்தபடியே கவிழ்த்து, விறகையும் எடுத்து மேலே அடுக்கினாள்.

“கௌதாரி காலையிலேருந்து கத்திக்கிட்டே கெடக்கு டீச்சர். எர போடுங்க” என்று முறத்தை என்னிடம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். அவள் தன் அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.