மூன்றாம் பையின் கோரை விதைகள்

காசிமேட்டில் பதினெட்டு வருஷம் கருவாட்டு நெத்திலியில் கல்லும் தூசும் பொறுக்கியவள் சிலுவையம்மாள். அந்தக் கைக்காகத்தான் ராயபுரத்துப் பழைய கிடங்கில் நடக்கும் சிறிய ஆய்வகத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். ராஜஸ்தான் பாலைவனத்தில் தோண்டிய ஆதிகால அடுப்புகளின் சாம்பல் மண் அங்கே பை பையாக வரும். தண்ணீரில் கரைத்தால் கரிந்த விதைகள் மிதக்கும். அவற்றை வடிகட்டி, உலர்த்தி, லென்ஸில் பார்த்து இனம் பிரிப்பது அவள் வேலை. அங்கே வாழ்ந்தவர்கள் எதைத் தின்றார்கள், எதை எரித்தார்கள் என்பதற்கு இன்று அந்த விதைகள்தான் சாட்சி.

வேறு செடிகொடி எதுவும் மண்ணை நெருங்கக்கூடாது என்பது கண்டிப்பான விதி. ஆனால் மூன்றாம் பையைக் கரைத்த அன்று அடைமழை, உலர்த்தும் தட்டுகள் போதவில்லை. மதியம் தலைசாய்க்கக் கொண்டுவந்த தன் கோரைப்பாயிலேயே ஈரத்துணியை விரித்துவிட்டாள். மறுநாள் லென்ஸில் பார்த்தால் முப்பட்டையாய், கறுப்பாய், கோரை விதைகள். எண்ணூர்க் கழிமுகத்தோரம் பிறந்தவளுக்கு அது தெரியாதா? பாலைவனத்தில் ஏது கோரை, பாய்க் குப்பைதான் கலந்துவிட்டது என்று பயந்துபோனாள். பாய்க்கு அறுக்கும்போதே விதை இருக்கும் கோரைத் தலையைக் கழித்துவிடுவார்கள் என்பது அவளுக்கே தெரியும். பயம் அதை யோசிக்க விடவில்லை. மூன்று நாளாகப் பொறுக்கிப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். மொத்தம் நாற்பத்தொன்று.

இன்று காலை ஆய்வகப் பொறுப்பாளர் வினிதா சிடுசிடுப்போடு வந்தாள். அந்த அடுப்புகள் வழிப்போக்கு வேட்டைக்காரர்கள் மூட்டியவைதான், அங்கே யாரும் தங்கி வாழவில்லை என்று அகழாய்வுக் குழுவினர் அறிக்கை எழுதப்போகிறார்களாம். சாயங்காலத்துக்குள் அதை மறுக்க ஆதாரம் வேண்டும்.

"மூணாம் பையில தண்ணியில வளர்ற செடி ஏதாவது பட்டுச்சாக்கா? தண்ணி நின்னிருந்தா ஜனம் தங்கியிருக்கும்."

சிலுவையம்மாள் தன் பாயைப் பார்த்தாள். பாயைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. 'இல்லை' என்ற சொல் உதடுவரை வந்தது. அதைச் சொல்ல அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"கோரை வெத வந்துச்சும்மா. பாய்லேர்ந்து வுயுந்துச்சுன்னு நெனச்சு நான்தான் தூக்கிப் போட்டுகினே கீறேன்."

இருவரும் கூடையிடம் ஓடினார்கள். கூடை காலி. ஏழு மணிக்கே குப்பை வண்டி அள்ளிக்கொண்டு கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போய்விட்டிருந்தது.

அவள் விதை பொறுக்கும் தூரிகையின் மயிரில் ஒரே ஒரு விதை ஒட்டியிருந்தது. வினிதா அதைப் பிளேடால் பிளந்து லென்ஸில் வைத்தாள். உள்ளே வரைக்கும் கரி.

"உங்க பாய் எப்பவாவது எரிஞ்சுதா?"

"இல்லம்மா."

"அப்போ இது அவங்க அடுப்புல கரிஞ்சதுதான்."

ஆனால் ஒற்றை விதை போதாது. காற்று அடித்துக்கொண்டு வந்திருக்கும் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். வினிதா பதிவேட்டில் 'கோரை, ஒன்று' என்று எழுதினாள்.

"நாப்பத்தொண்ணையும் சேத்து எய்தும்மா. எண்ணித்தான் போட்டேன்."

"கையில இல்லாதத எழுத முடியாதுக்கா."

அவளை அனுப்பிவிடவில்லை. நான்காம் பையை அவள் பக்கம் நகர்த்திவிட்டு வினிதா தொலைபேசியை எடுத்தாள். சிலுவையம்மாள் பாயைச் சுருட்டி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கண்ணீர் மறைத்தது, லென்ஸில் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பாலைவன ஊரின் தண்ணீர் எந்தக் காலத்திலோ ஒருமுறை வற்றியிருந்தது. மறுபடி வற்றவைத்தது அவள் கை.