மேடைக்கு முதுகு காட்டி நின்றவர்

காட்டாங்குளத்தூர் இசை விழாவில், கூட்டத்தை மறிக்கும் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மேடைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார் அந்தச் செக்யூரிட்டி பெரியவர். தொளதொளவென்ற நீலச் சட்டை. இரண்டு காதிலும் பஞ்சு. கூட்டம் நெருக்கும்போதெல்லாம் தடுப்பைத் தன் இடுப்பால் முட்டுக்கொடுப்பார்.

எனக்கு உயிரான இசைக்குழுவை நேரில் பார்க்க மதியத்திலிருந்து முன்வரிசையில் காத்துக் கிடந்தேன். பொறுமை போய்க் கம்பியில் ஏறினேன்.

“இன்னா தம்பி, மேல ஏறிகினு கீற? எறங்கு, வுழுந்துடப் போற.”

“மரியாதையா பேசுங்க.”

“மரியாதையாத்தான்பா சொல்றேன். எங்க வூட்ல இப்டித்தான் பேசுவோம்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தப் பக்கம் வந்த விழாப் பொறுப்பாளரிடம், “சார், இந்த ஆள் ரொம்ப லோக்கலா பேசறார்” என்றேன். அவர் பெரியவரைப் பார்த்து, அங்கிருந்து போகச் சொல்லி விரலை மட்டும் அசைத்தார். பெரியவர் தடுப்பின் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பார்க்கிங் பக்கம் நடந்தார்.

அவர் நின்ற இடம் காலியானதில் மேடை நன்றாகத் தெரிந்தது. சிறிது நேரத்தில் என் பாடகன் ஓடி வந்து மைக்கைப் பிடித்தான்.

“இன்னா மச்சான், எப்டி கீற?”

கூட்டம் அலறியது. எல்லோரையும்விடச் சத்தமாக அலறியது நான்தான்.