அக்காவின் இரண்டு கலங்கள்

நாங்கள் உருத்திரபுரத்தில் இருந்தபோது அக்கா உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தாள். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக அவள் இரண்டு உயிர்க்கலங்களின் மாதிரிகள் செய்தாள். நீளவாக்கில் வெட்டிய சோடாப் போத்தல்தான் பற்றீரியா. உள்ளே நீல நூல் சுருள், பின்னால் தும்பில் ஒரு வால். மற்றது, மீன்காரரிடம் கேட்டு வாங்கிய, ஐஸ் போட்டு வைக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்குள். பாதி றப்பர் பந்து கருவானது, களிமண் உருண்டைகள் கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளாயின. மீன் நாற்றம் போகப் பெட்டியைக் கழுவியது நான். ஆகவே அதில் பாதி என்னுடையது என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அப்பா இல்லாத எங்கள் வீட்டில் சித்தப்பா வைத்ததுதான் சட்டம். அக்காவின் கொப்பியை ஒருநாளும் திறந்து பார்க்காத அவர், கண்காட்சிக்கு ஓர் அன்ரியையும் அவருடைய கணவரையும் கூட்டி வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“இது என்ன பிள்ளை?” என்று அன்ரி கேட்டார்.

“இது புரோகரியோட்டாக் கலம், அன்ரி. ஒழுங்கான கரு இல்லை. டிஎன்ஏ மென்சவ்வு ஒண்டும் இல்லாமல் சும்மா உள்ளுக்குக் கிடக்கும். மற்றது யூகரியோட்டா. எங்கட உடம்பில இருக்கிறது இந்த வகைதான். கருவைச் சுத்தி மென்சவ்வு இருக்குது, பாருங்கோ.”

அன்ரி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரில் தொங்கிய படத்தையும் விளக்கச் சொன்னார். அக்கா நடந்துபோய் விளக்கினாள். திரும்பி வந்ததும் இன்னொரு படத்தைக் கேட்டார். கணவர் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். கனடாவில் இருக்கும் மகனுக்குக் காட்டுகிறாராம். அந்த மகனுக்கும் விளங்கட்டும் என்று அக்கா குரலை உயர்த்திச் சொன்னாள்.

பின்னேரம் அம்மா விஷயத்தைச் சொன்னார். அன்ரியின் மகனுக்கு அக்காவைப் பிடித்துவிட்டதாம். கலியாணத்துக்குச் சோதினை முடியும்வரை பொறுக்கமாட்டார்களாம்.

அக்கா கேட்டாள்: “நான் சொன்னதில ஏதாவது அவைக்கு விளங்கினதாமோ?”

“நடை நல்லமாம், பல்லு வரிசையாம், நிறம்தான் கொஞ்சம் காணாதாம். நானும் இப்ப வேண்டாம் எண்டு சொல்லிப் பாத்தனான் பிள்ளை. சித்தப்பா கேக்கேல்லை.”

அந்த வருடச் சோதினையை அக்கா எழுதவில்லை. அதற்குப் பிறகும் எழுதவில்லை.

அம்மா சொன்ன அன்றே கிணற்றடியில் குந்தியிருந்து அழுதாள். கலியாணம் என்றால் பெண்கள் அழத்தான் செய்வார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் போய், எனக்குப் புதுச்சட்டை உண்டா என்று கேட்டேன்.

“ஓம். உனக்குப் பிடிச்ச நிறத்தில தைப்பம்,” என்றாள்.

சிவப்பா மஞ்சளா என்பதுதான் அப்போது என் யோசனையாக இருந்தது.