கண்மாய்க் கரையில் வீசிய துண்டு

கல்யாணமான முதல் கோடையில், மதுரையிலிருந்து மாட்டுவண்டியில் மாமனார் ஊர் மீன்பிடித் திருவிழாவுக்குப் போனேன். வற்றிய கண்மாயின் கரையில் நின்று ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினால்தான் எல்லோரும் இறங்கலாம். வீசுகிறவர் மட்டும் இறங்கக் கூடாது.

மாப்பிள்ளை மரியாதையாக அவர் பக்கத்திலேயே எனக்கு இடம். கையில் மீன்மேல் கவிழ்க்கும் ஊத்தாக் கூடை. சேற்றில் கெளுத்தி புரளும்போதெல்லாம் என் கால்கள் தாமாக முன்னே போயின. வெயில் ஏறியும் பெரியவர் துண்டை அசைக்கவில்லை. எரிச்சலில், முகத்தில் மொய்த்த ஈயை என் வெள்ளைத் துண்டால் வீசி விரட்டினேன். ஊரே கண்மாய்க்குள் பாய்ந்துவிட்டது.

நானும் ஓடப் பார்த்தேன். பெரியவர் தோளைப் பிடித்தார்.

“இருவது வருஷமா நான் நின்னாச்சு. இன்னைக்கு வீசுனது நீங்கதான மாப்ள, இங்கனயே நில்லுங்க.”

என் கூடையை வாங்கிக்கொண்டு, வேட்டியை வரிந்து கட்டி அவர் இறங்கினார்.