சாம்பல் பூசிய விளைமீன்

கணவனும் மனைவியும் அரச சேவையில் இருந்தால், இயன்றவரை இருவருக்கும் ஒரே மாவட்டத்தில் வேலை கொடுக்க வேண்டும் என்று ஒரு சுற்றுநிருபம் இருந்தது. இன்று காலை கல்முனைச் சந்தையில் விளைமீன் ஒன்றைத் துண்டாக்கிக் கழுவிப் பையில் போட்டுத் தந்தார்கள். பித்தப்பையை நான் கண்ணாலும் காணவில்லை. வீடு வரும்வரை அந்தச் சுற்றுநிருபம்தான் ஞாபகத்தில் ஓடியது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள்.

கலியாணம் முடித்த புதிதில் நான் கல்முனையில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். மனைவி ஜெஸீமா மாவட்டம் தாண்டி மொனராகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருவாள், ஞாயிறு திரும்புவாள். பிள்ளை வயிற்றில் வந்ததும் அவளுடைய உம்மா வேலையை விடச் சொன்னார். ஜெஸீமாவின் இடமாற்றத்துக்கு உரிய வழியூடாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், சுற்றுநிருபம் நம் பக்கம், பதில் வரும் என்றேன். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவன் அல்லவா, அந்தத் திமிர்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு சீதனமாக ஜெஸீமாவின் பெயரில் இருந்தது. நான் அதில் குடிவந்த மாப்பிள்ளை. அடுக்களை மட்டும் மாமியுடையது. மாமி மருமகனோடு நேரே கதைப்பதில்லை. கதவு மறைவில் நின்று, மகளுக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொல்வார்.

"வேலைக்குப் போற பொண்டாட்டிக்கு ஆர் ஆக்கிப் போடுற எண்டு கேளு புள்ள."

"நான் ஆக்குறன்" என்றேன்.

"அப்ப அடுக்களையில கிடக்கிற விளைமீன ஆக்கிக் காட்டச் சொல்லு. வாயில வைக்கிற மாதிரி வந்தா நீ வேலைக்குப் போ. நான் கதைக்கமாட்டன்."

"ஓம் உம்மா" என்றாள் ஜெஸீமா. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

முழு மீனை நான் அதுவரை தொட்டதில்லை. நெல்லு விளையும் மாவடிப்பள்ளியில் பிறந்தவன். என் உம்மா குளத்து மீன் கழுவியதைப் பார்த்ததுதான் என் படிப்பு. விரால் வழுக்கும் என்று உம்மா சாம்பல் பூசுவார். நானும் பூசினேன்.

"கடல் மீனுக்குப் பவுடர் போடுறார்" என்றான் என் மச்சான், ஜெஸீமாவின் தம்பி. "ஏன், அதுக்கும் கலியாணமா?"

சின்ன மீன்களின் வயிற்றை உம்மா பெருவிரலால் நசுக்கிக் குடலைத் தள்ளுவார். நானும் நசுக்கினேன். உள்ளே ஏதோ உடைந்து, பச்சைத் தண்ணீர் வெள்ளைச் சதையில் பரவியது. மாமி கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த இடத்தை வெட்டி எறிந்திருப்பேன். சொல்லவில்லை. மிளகாய்த்தூள் போத்தலை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஜெஸீமா முதல் கவளத்தில் நின்றாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்தபடியே தின்று முடித்தாள்.

"எப்பிடிப் புள்ள?"

"நல்லாரிக்கி உம்மா."

"அப்ப இன்னொரு துண்டு தின்னு."

அதையும் தின்றாள். கிணற்றடிவரை போய்ச்சேர முடியவில்லை. வாந்தியெடுத்தவளின் முதுகை மாமி தடவிக்கொடுத்தார். "கைக்கிது எண்டு சொல்லியிருக்கலாமே மகள்" என்றார், மிகுந்த அன்போடு.

ராஜினாமாக் கடிதத்தை ஜெஸீமா என்னையே எழுதச் சொன்னாள். உரிய வழியூடாக, ஒரு பிழையும் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அது மட்டும் எந்த மேசையிலும் தங்காமல் போய் ஏற்கப்பட்டது.

இப்போது கதவு மறைவில் நின்று கதைக்கிற மாமிமார் இல்லை; நேரேயே ஏசுகிறார்கள். வீட்டில் மீன் கழுவுவாரும் இல்லை. ஜெஸீமா இன்றைய விளைமீனையும் நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தின்றாள். பேரப்பிள்ளைகள் கணக்குக் கேட்டு வந்தால், மறந்து போயிற்று என்கிறாள்.

இடமாற்றம் கிடைக்காமல் இல்லை. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பாடசாலை. அந்தப் பதில் வந்தது, மூத்த மகள் பிறந்து, முடியிறக்கிப் பெயர் வைத்த ஏழாம் நாள்.