டயரைத் தட்டிப் பார்த்தவர்

நான் கல்லூரிக்குப் போகும் சமயநல்லூர் பஸ்ஸில்தான் அவரும் வருவார். வெளுத்த காக்கிச் சட்டை, காதில் பென்சில். ஏறுமுன் பஸ்ஸை ஒருமுறை சுற்றிவந்து டயர்களைத் தட்டிப் பார்ப்பார்.

"அண்ணே, இது ஏரோப்ளேன் இல்ல, ஏறுங்க!" என்றார் கண்டக்டர் ஒருநாள்.

"ஏறுமுன்னால பயந்துக்கணும் மாப்ள. ஏறுன பெறகு பயப்படக் கூடாது."

அன்றைக்குக் கல்லூரியில் பேச்சுப் போட்டி. முன்னோடி விமானி ஒருவரின் வாழ்க்கை தரும் வெற்றிப் பாடங்களைப் பற்றிப் பேசினேன். பாதியில் மறந்துபோய்த் திணறியபோது, காலையில் கேட்டதை அந்த விமானி சொன்னதாக எடுத்துவிட்டேன். ஒரே கைதட்டல். முதல் பரிசு.

மாலை பஸ்ஸில் காக்கிச் சட்டைக்காரர் என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்துவிட்டார். ஒரு பைலட் சொன்னதைப் பேச்சுப் போட்டியில் சொல்லி ஜெயித்தேன் என்றேன்.

"அம்புட்டுப் பேர்லயும் நீங்கதான் ஜெயிச்சீகளா! அந்தப் பைலட்டு அப்படி என்ன தம்பி சொன்னாரு?"

"மறந்துபோச்சுண்ணே."

"நெனப்பு வந்தா சொல்லுங்க, எழுதி வச்சுக்கிறேன்" என்று பென்சிலைத் தொட்டுக் காட்டினார்.

மறுநாளிலிருந்து நான் அடுத்த பஸ்ஸில்தான் போனேன்.